தோட்டத்துக் கூரை

செவ்வாய்க்கிழமை, மடுல்கெல்ல. மழை இன்னும் விடவில்லை.

இனி எந்த மலைக்கும் வானத்திலிருந்தே இணையம் வரும் என்று பேசுகிறார்கள். தேயிலைத் தோட்டம் கொடுத்த வரிசை வீடான எங்கள் லயத்துக் கூரை வரை வந்தும்விட்டது. கூரைதான் எங்களுடையது இல்லை.

அக்கா மகள் சுகந்திக்கு வீட்டிலிருந்தே செய்யும் வேலை கிடைக்கும்போல் இருக்கிறது. அதற்காக வாங்கிய இணைய டிஷ்ஷை இன்று தகரத்தின் மேல் பூட்டினோம். உடனே தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வந்து நின்றார்.

“எறக்கிருங்க சார். தொரைகிட்ட கேக்காம தகரத்துல ஓட்டை போடக் கூடாது.”

“டிவி டிஷ்ஷு வரிசையா நிக்குதே, அதெல்லாம் தானா மொளச்சதா?” என்றாள் அக்கா.

“அது பழசும்மா. புதுசுக்கு என்னையத்தானே கேப்பாரு.”

இறக்கி வாசலில் வைத்தோம். சுற்றிலும் சவுக்கு மரங்கள் வானத்தை மறைக்கின்றன. இணைப்பு வந்து வந்து அறுந்தது. நாளை மதியம் கொழும்புக் கம்பனி அதைச் சோதித்துப் பார்க்கும். அறுந்தால் வேலை வேறொருத்திக்குப் போய்விடும்.

தோட்டத்து மேலாளரான இந்தத் துரை என்னோடு பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தவன். அங்கே என்னை ‘லயத்தான்’ என்று கூப்பிட்டு விடுதியையே சிரிக்க வைத்தவன். அன்றிலிருந்து பேச்சில்லை.

“மாமா, நீங்க ஒரு வார்த்த கேட்டா விட்டுருவாரு,” என்றாள் சுகந்தி.

மாட்டேன் என்றேன். அவள் டிஷ்ஷை ஈரம் போகத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டாள்.

காலையில் துரையின் பங்களாவுக்குப் போய்க் கேட்கத்தான் போகிறேன். அவனை ‘சார்’ என்று கூப்பிட வேண்டும். இப்போது ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். வாயில் வரவில்லை.