எஃகு இடுப்புக்கு ஒரு நேர்த்திக்கடன்

1965 மாசி, வெள்ளிக்கிழமை

போன ஆடியில் மதுரை ஆஸ்பத்திரியில் என் இடுப்பை அறுத்து, தேய்ந்த எலும்புக்குப் பதிலாக எஃகுக் குண்டு வைத்தார்கள். அன்றே என் மனைவி லட்சுமி எனக்குத் தெரியாமல் அம்மனுக்கு நேர்ந்திருக்கிறாள். நான் எழுந்து நடந்தால், நானே கோயிலைச் சுற்றி உருள்வேனாம்! கோபம்தான் வந்தது. புரண்டால் குண்டு நழுவிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

இன்று காலை கைத்தடியும் கையுமாக முதுகுளத்தூர்க் கோயிலுக்குப் போய்ப் பூசாரியிடம் நியாயம் கேட்டோம்.

"நேந்துக்கிட்டது யாரு தாயி?"

"நாந்தேன் சாமி."

"அப்ப நீயே உருளு. ஒம் புருசன் கூடவே நடந்து வரட்டும்."

ஈரச் சேலையோடு உருண்டாள். வழியில் கிடந்த கல்லையெல்லாம் அந்த எஃகு வைத்த பக்கத்துக் காலாலேயே ஒதுக்கிக்கொண்டு பக்கத்தில் நடந்தேன்.

"இன்னும் எம்புட்டுத் தூரம்?" என்றாள் பாதியில். முன்பு மிளகாய்க் கொல்லைக்குப் போகும்போதெல்லாம் வலி தாங்காமல் அவளிடம் நான் கேட்ட கேள்வி அது.

"வாசல் தெரியுது, வா புள்ள" என்றேன்.

தலைமுடியில் மண்ணோடு தூங்குகிறாள். கைத்தடியைத் தேடினேன், காணோம். கோயில் வேப்பமரத்தில் சாய்த்து வைத்தது, அங்கேயே நின்றுவிட்டது. இருக்கட்டும். அம்மனுக்கு என் பங்கு அது.