ஃப்ரீசரில் அப்பாவும் தம்பியும்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் நலம்தான்.

எங்கள் கிடங்கில் இப்போது ஆள் குறைவு. வேலை முடிந்து வந்தால் அடுப்புப் பக்கம் போகத் தெம்பிருப்பதில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமையே வாரம் முழுவதற்கும் சமைத்து, ஆறவைத்து, டப்பா டப்பாவாக ஃப்ரீசரில் அடுக்கிவிடுகிறேன். உறைந்துவிட்டால் எல்லாக் குழம்பும் ஒரே மாதிரி இருக்கிறது. ஆகவே நம் வீட்டில் அது யாருக்கானதோ அவர் பெயரை மூடியில் எழுதி ஒட்டுகிறேன். உப்புக் குறைத்த பருப்புக்கு 'அப்பா'. நாக்கைச் சுடும் முட்டைக் குழம்புக்கு 'தம்பி'.

போன வாரம் இரண்டு நாள் காய்ச்சல். பதறாதே, போய்விட்டது. அறையில் கூட இருக்கும் நர்ஸ் அக்கா பார்த்துக்கொண்டார். சமையலறையிலிருந்து அவர் குரல் கேட்டது: "ஏம்மா, உங்கப்பாவ சூடு பண்ணவா, தம்பிய சூடு பண்ணவா?" காய்ச்சலோடு காய்ச்சலாகச் சிரித்துவிட்டேன். அன்று அப்பாவைத்தான் சாப்பிட்டேன்.

டப்பாவைக் கழுவும்போது அக்கா கேட்டார்: "எல்லாரும் இருக்காங்க, அம்மாவ மட்டும் காணோமே?"

எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சட்டியை வழித்து நீ சாப்பிடுவதைத்தான் பார்த்திருக்கிறேன். உனக்குப் பிடித்தது எது என்று எழுது, செய்யும் விதத்தோடு. "எனக்கென்னடி, எது இருந்தாலும் சரி" என்று மட்டும் எழுதாதே. அதை மூடியில் ஒட்ட முடியாது.

கிடங்கு வண்டி ஹார்ன் அடிக்கிறது. பெரிய டப்பா ஒன்றைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

உன் மகள்