கீழ்வீட்டுக்கு எத்தனை யூனிட்

மே 9, வெள்ளி

பகல் பன்னிரண்டு மணி இருக்கும். என் வீட்டுக்காரர் ராஜகுமாருக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். கரண்ட் போனது. ஆக்ஸிஜன் மெஷின் ‘கீ’ என்று கத்த ஆரம்பித்தது. மாற்றுக்கு வைத்திருக்கிற சிலிண்டரைத் திறக்கிற சாவி கைக்கு அகப்படவில்லை. அகப்பட்டதும் வழுக்கியது. அவர் கட்டிலில் உட்கார்ந்தபடி கையை ஆட்டி, “மெதுவா, மெதுவா” என்கிறார். மூச்சு விட முடியாத மனிதர் எனக்கு ஆறுதல் சொல்கிறார்.

ஒரு மணி நேரம் சிலிண்டரில் ஓடியது. கரண்ட் வந்த பிறகுதான் உறைத்தது. மொட்டைமாடி நிறைய சோலார் தகடு இருக்கிறது. மேலே நெருப்பாக வெயில். பிறகு ஏன் வீடு செத்துக் கிடந்தது?

மாடிவீட்டு ஜெயகணேஷிடம் கேட்டேன். இவருடைய தம்பி. சோலார் போட்டது அவன்தான், மீட்டரும் அவன் பேரில்தான் இருக்கிறது.

“மைனி, லைன்ல கரண்ட் இருந்தாத்தான் அதுவும் வேல செய்யும். ரோட்டுல எவனாவது கம்பில கை வச்சிருப்பாம்லா, நம்ம கரண்ட் போயி அவன அடிச்சிரக் கூடாதுல்ல. அதான் தானா நின்னுரும்.”

ஜனவரியில் மெஷின் வீட்டுக்கு வந்ததிலிருந்து, மழைக்காலத்துக்கு மாடியில் சோலார் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் வைத்திருந்த தைரியம்.

மே 10, சனி

தூங்கவில்லை. மெஷின் ஓடினாலும் தூக்கம் இல்லை, நின்றாலும் இல்லை.

மே 14, புதன்

சோலாரை மாட்டிக்கொடுத்த மெக்கானிக் ஜம்பு கல்யாண் ஊரிலிருந்து வந்தார். காலையில் வருகிறேன் என்றவர் மதியத்துக்கு மேல் வந்தார். ரயில் லேட்டாம். பேட்டரி வைத்தால் கரண்ட் போனாலும் தகடுகள் வேலை செய்யும், அதற்கு இன்வெர்ட்டரையும் மாற்ற வேண்டும் என்றார். எவ்வளவு பெரிய பேட்டரி என்பதுதான் கேள்வி.

“பெருசாவே போடு பாய்” என்றான் ஜெயகணேஷ். “மாடில ஏ.சி.யும் ஓடணும். பிள்ளைங்களுக்குப் பரீட்சை வருஷம்.”

ஜம்பு கணக்குப் போட்டார். ஒரு ஏ.சி. ராத்திரி முழுக்க ஓடினால் எட்டு யூனிட். இவருடைய மெஷின் மூன்று மணி நேரத்துக்கு ஒரு யூனிட். பெரிய பேட்டரி வாங்கலாம், ஆனால் ஜூலையில் மழை பிடித்துக்கொண்டால் தகட்டிலிருந்து ஒரு நாளைக்கு நாலு யூனிட் வந்தாலே பெரிது. பேட்டரி பாதி காலியாகவே கிடக்கும். அதையும் ஏ.சி. இழுத்துக்கொண்டால் கீழ்வீட்டுக்கு என்ன மிஞ்சும்?

ஜெயகணேஷ் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். தப்பு சொல்ல முடியாது. சோலார் அவனுடையது. இவர் படுத்த பிறகு பாத்திரக் கடையைத் தூக்கிச் சுமக்கிறவனும் அவன்தான். நான் பகலில் நாலு மணி நேரம் போய் பில் எழுதுகிறேன், அவ்வளவுதான்.

“முதல்ல நெஜமா எவ்வளவு இழுக்குதுன்னு பாப்போம்” என்று ஜம்பு ஒரு சின்ன மீட்டரை சுவிட்சுக்கும் மெஷினுக்கும் நடுவில் மாட்டிவிட்டுப் போனார். பத்து நாள் கழித்துப் பார்த்துச் சொல்லச் சொன்னார். ஃபிரிட்ஜ், ஃபேன், டியூப்லைட் எல்லாம் அவரே குறித்துக்கொண்டார்.

ராஜகுமார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எல்லோரும் போன பிறகு, “எனக்காவ இவ்வளவு கூத்தா” என்றார். நான் துணி காயப்போட்டேன்.

மே 19, திங்கள்

சொல்லாத சண்டை ஒன்று நடக்கிறது. ஜெயகணேஷ் கடையில் என்னிடம் ‘ஆமா’, ‘இல்ல’ தவிர வேறு பேசுவதில்லை. மாரிசெல்வி (அவன் மனைவி) சாயந்திரம் மீன்குழம்பு கொண்டுவந்தாள். “அவுங்க மனசுல ஒண்ணும் இல்லக்கா. சோலார் போட்டப்போ எல்லாரும் சிரிச்சாங்கள்லா, இப்போ எல்லாரும் அதக் கேட்டா அவுங்களுக்கு ஒரு மாதிரி இருக்கு.”

நான் சிரிக்கவில்லையே. சிரித்தேனா? ஞாபகமில்லை. முதுகு வலிக்கிறது.

மே 24, சனி

மீட்டரைப் பார்த்தேன். குளிக்கிற, சாப்பிடுகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் போட்டிருக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. அப்படி ஓடினால் ஒரு நாளைக்கு ஏழு யூனிட்டுக்கு மேல் வரவேண்டும். ஆறுகூட வரவில்லை.

ஜெயகணேஷுக்கு ஒரே சந்தோஷம். “பாத்தியளா மைனி, நீங்க பயந்த அளவு இழுக்கல. ஏ.சி.யையும் சேத்துரலாம்.” பல நாளைக்குப் பிறகு முழு வாக்கியமாகப் பேசினான். நானும் சரி என்றுதான் நினைத்தேன். சண்டை இல்லாமல் முடிந்தால் போதும் என்றிருந்தது. திங்கட்கிழமை ஜம்புவிடம் சொல்லிவிடலாம் என்று பேசிக்கொண்டோம்.

மே 26, திங்கள்

மழை இவ்வளவு சீக்கிரம் வரும் என்று யார் எதிர்பார்த்தார்கள். கடைச் சந்தில் தண்ணீர் ஏறியது. ஜெயகணேஷ் ஷட்டரை இறக்கச் சொல்லிவிட்டான். ஒரு மணிக்கே வீடு வந்தேன்.

கதவைத் திறந்ததும் நின்றுவிட்டேன். வீட்டில் சத்தமே இல்லை. ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது. கரண்ட் இருக்கிறது. மெஷின் ஓடவில்லை.

அவர் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். மூக்குக்குழாய் கழுத்தில் மாலை மாதிரி தொங்குகிறது. உதடு கறுத்திருந்தது. என்னைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை.

ஓடிப்போய் மெஷினைப் போட்டேன். குழாயை மாட்டினேன். விரலில் மாட்டிப் பார்க்கிற கருவியில் எண்பத்தொன்று. தொண்ணூறுக்குக் கீழே இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

“நீங்களே ஆஃப் பண்ணினியளா?”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“தினம் இப்படித்தானா? நான் கடைக்குப் போனதும் நிறுத்திப்போட்டு, வாரதுக்கு முன்னால போட்டுட்டு — அதான் மீட்டர்ல கொறச்சலா வந்திச்சா? எதுக்கு? பேட்டரி சின்னதா வரணும்னா? தம்பிக்கு ஏ.சி. ஓடணும்னு நீங்க மூச்சு முட்டிக் கெடக்கணுமா? நான் செத்துப் போவேன்னு தோணலயா உங்களுக்கு?”

அவர் செத்துப்போவதைச் சொல்ல வந்து நான் செத்துப்போவேன் என்றிருக்கிறேன். கத்தினேன். மாடியில் கேட்டிருக்கும்.

மூச்சு சேர்ந்த பிறகு மெதுவாகச் சொன்னார். “ஏ.சி.யும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தச் சத்தம், உமா. தலமாட்டுலயே டொர் டொர்னு. ராத்திரியும் பகலும். நீ பேசுறதுகூட காதுல சரியா விழல. நீ போன பொறவு நாலஞ்சு மணி நேரம்... சும்மா கெடக்கும்லா வீடு. காக்கா கத்துறது கேக்கும்.”

எனக்கும் அந்தச் சத்தம் பிடிக்காது. ஐந்து மாதமாக நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவரையே பிடிக்கவில்லை என்று ஆகிவிடும் என்று பயம். இன்றைக்குச் சொன்னேன். “எனக்கும்தான் பிடிக்கல.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பா, அழுகையா — தெரியவில்லை. இரண்டு பேரும் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கஞ்சி வைக்க மறந்துவிட்டேன். பிரெட் சாப்பிட்டோம்.

மே 28, புதன்

மெஷின் கொடுத்த கடைக்கு போன் போட்டேன். நீளக் குழாய் இருக்கிறதாம்! பதினைந்து மீட்டர் வரைக்கும் போடலாமாம். மெஷினைக் காற்றோட்டமாக வைக்க வேண்டும், அடுப்பு பக்கம் மட்டும் கூடாது. இதை ஜனவரியில் எவனாவது சொல்லியிருக்கக் கூடாதா? நானாவது கேட்டிருக்கக் கூடாதா?

மே 30, வெள்ளி

மெஷின் மாடிப்படிக்குக் கீழே போய்விட்டது. நடுவில் ஒரு கதவு. சத்தம் பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடுகிற மாதிரி லேசாகக் கேட்கிறது. குழாய் தரையில் பாம்பு மாதிரி கிடக்கிறது. இரண்டு தடவை மிதித்துவிட்டேன். அவர் மத்தியானம் குறட்டை விட்டுத் தூங்கினார்.

ஜூன் 3, செவ்வாய்

ஜெயகணேஷ் கீழே வந்தான். நான் கத்தியது எல்லாம் கேட்டிருக்கிறது. அண்ணனை நேராகப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துப் பேசினான்.

“அண்ணே, எனக்காவன்னு நெனச்சா ஆஃப் பண்ணினீங்க?”

“இல்லடே. உம் மேல எதுக்கு?”

“நான் சந்தோஷப்பட்டேன்லா, கொறச்சலா வந்திச்சின்னு.” அதைச் சொன்னபோது அவன் குரல் உடைந்துவிட்டது. ஐம்பது வயது ஆண்பிள்ளை. பிறகு என் பக்கம் திரும்பி, “மைனி, கீழ்வீட்டுக்கு மட்டும் போடச் சொல்லுங்க. ஏ.சி. இல்லாம யாரும் செத்துர மாட்டோம்” என்றான்.

மாரிசெல்வி படியில் நின்று, “வைஃபை மட்டும் வேணுமாம், பிள்ளைங்க கேக்குது” என்றாள். வைஃபை பெட்டி அவ்வளவாக இழுக்காதாம். சரி என்றேன்.

ஜூன் 12, வியாழன்

இந்தத் தடவை மீட்டர் சரியாகக் காட்டியது. ஏழரை. ஜம்பு ஐந்து யூனிட் பேட்டரி போதும் என்றார். மெஷின், ஒரு ஃபேன், இரண்டு லைட், ஃபிரிட்ஜ், வைஃபை. கரண்ட் இருக்கும்போது லைனிலிருந்தும் நிரப்பிக்கொள்ளும். மழை நாளில் அதுதான் கை கொடுக்கும். இன்னும் பெரிது வேண்டாமா என்று நானே கேட்டேன். பயம்தான். “பின்னால தேவைன்னா கூட இன்னொண்ணு சேத்துக்கலாம் ஆன்ட்டி. இப்போ இருக்கிற தகட்டுக்கு இதான் சரி.”

ஜூலை 2, புதன்

மாட்டியாயிற்று. வாசல் சுவரில் அலமாரி மாதிரி ஒரு பெட்டி. சின்னத் திரையில் சதவீதம் காட்டுகிறது. இனி அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். கவலைக்கு இன்னொரு இடம்.

டாக்டரிடம் போய்வந்தோம். ஆக்ஸிஜனை நிமிஷத்துக்கு இரண்டு லிட்டரிலிருந்து மூன்றாக ஏற்றியிருக்கிறார். நுரையீரல் தழும்பாகிக்கொண்டே போகிற வியாதி. குறையாது. அவருக்கும் தெரியும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நேற்று எழுத முடியவில்லை.

நேற்று காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. தெருவில் முழங்கால் தண்ணீர். தண்ணீர் வடிந்தால்தான் லைன் போடுவோம் என்றார்கள் கரண்ட் ஆபீசில். பேட்டரி தொண்ணூறில் இருந்தது. பகலெல்லாம் வானம் கறுத்தே கிடந்தது. தகட்டிலிருந்து ஏதோ கொஞ்சம் வந்தது, போதவில்லை. சாயந்திரம் ஏழு மணிக்கு முப்பத்தைந்து. சிலிண்டர் வண்டிக்காரனுக்குப் போன் போட்டால் சயான் ரோட்டிலேயே தண்ணீரில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன் என்கிறான். வீட்டில் ஒரு சிலிண்டர்.

ஜெயகணேஷ் டார்ச்சோடு இறங்கிவந்தான். ஃபிரிட்ஜை நிறுத்தினான். வைஃபையைப் பிடுங்கினான். மேலே பிள்ளைகள் கூச்சல் போட்டன, அவன் காதில் வாங்கவில்லை. “ஃபேனையும் நிறுத்தட்டா மைனி?” நிறுத்தினோம். மாரிசெல்வி விசிறி எடுத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள். மெஷின் மட்டும் என்றால் நாலு மணி நேரம் வரும். அதற்கு மேல் சிலிண்டர், அது விடியும்வரை. மனதுக்குள் திரும்பத் திரும்ப அதையே கணக்குப் போட்டேன்.

அவர் சொன்னார், “கொஞ்ச நேரம் நிறுத்தி வச்சா மிச்சமாவும்லா.”

“அண்ணே, அதுல கை வச்சியளோ, பாத்துக்கோங்க” என்றான் ஜெயகணேஷ். அண்ணனிடம் அவன் இப்படிக் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. இவர் சின்னப் பிள்ளை மாதிரி கையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு நாலு பேரும் சிரித்துவிட்டோம். ஏன் என்று தெரியவில்லை.

பத்து மணி வாக்கில் கரண்ட் வந்தது. திரையில் பதினொன்று.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஜெயகணேஷ் இன்னொரு பேட்டரி வாங்கலாம் என்கிறான். வேண்டாம் என்றேன். இருப்பதையே அன்றைக்கு வெயில் நிரப்பவில்லை. பதிலாக இன்னொரு சிலிண்டர் போதும்.

நான் வேண்டாம் என்று சொன்னதும் அவன் சரி என்றதும் அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

செப்டம்பர் 12, வெள்ளி

காலையில் மாட்டுங்கா போயிருந்தேன். காய்கறி, பூ, அப்புறம் அவருக்கு வெற்றிலை. மார்க்கெட்டில் அவசரப்படாமல் நடந்தேன். இரண்டு மணிக்குத் திரும்பினேன்.

பையை இறக்கும்போது மாரிசெல்வி சொன்னாள், பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை கரண்ட் இல்லையாம்.

“எனக்கு ஒரு போன் போடலயே?”

“எதுக்குக்கா? அது பாட்டுக்கு ஓடிச்சி. நாங்களே அரை மணி நேரம் கழிச்சித்தான் பாத்தோம்.”

அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். குழாய் வாசல்வரை எட்டுகிறது. எதிர்வீட்டு ஜெயினுலாப்தீனோடு ஏதோ மேட்ச் பற்றிப் பேச்சு. ஒரு வாக்கியத்துக்கு இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்குகிறார். போன மாதம் வரை ஒரு தடவைதான் நிறுத்துவார்.

எனக்கு முதலில் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. முகம் கழுவினேன். ஹாலில் வெறும் தரையில் சும்மா கொஞ்சம் சாய்ந்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் மாரிசெல்வி வந்து எழுப்பினாள்.