பழைய டேப்பைப் படிக்காத புது புரோகிராம்

அடையாறு,
மே 1974

அன்புள்ள அப்பாவுக்கு, ஐவியின் வணக்கம். நான் நலம். உங்கள் மூட்டுவலி குறைந்ததா?

எங்கள் கம்ப்யூட்டரை இயக்கும் புரோகிராமை மாற்றிப் புதியதைப் போட்டோம். பள்ளி இறுதித் தேர்வு மதிப்பெண்கள் இருந்த பழைய டேப்பை அது படிக்க மறுத்தது. டேப்பின் தொடக்கத்தில் அதன் பெயர் பதிவாகியிருக்க வேண்டுமாம். பழைய டேப்புகளில் அந்த வழக்கமே இல்லை.

"இன்னா ஐவிம்மா, பேருதானே கேக்குது? எழுதிட்டா போச்சு" என்று ஆபரேட்டர் ஏகாம்பரம் பட்டனுக்குக் கையைக் கொண்டுபோனார்.

"வேணாண்ணே! முதல்ல இருக்கிற மார்க்குமேலயே எழுதிடும்!" என்று கையைப் பிடித்துவிட்டேன்.

துளையிட்ட அட்டைகளை இரண்டு புரோகிராம்களும் படிக்கும். பழைய புரோகிராமை மறுபடி ஏற்றி, டேப்பிலிருந்த மதிப்பெண்களை அட்டைகளில் எடுத்து, புதியதற்குக் கொடுத்தேன். ஒரு மதிப்பெண்கூடக் குறையவில்லை.

"பசங்க பொழச்சிக்கினாங்க" என்று ஏகாம்பரம் சிரித்தார். மற்ற டேப்புகளை மாற்றும் பொறுப்பும் இப்போது எனக்குத்தான்.

மெஷின் அறையில் குளிர் அதிகம். அம்மாவின் நீலச் சால்வையை அனுப்புங்கள். தி.நகரில் புதிது கிடைக்கும். ஆனால் எனக்கு அம்மாவுடையதுதான் வேண்டும்.

உள்ளே கூப்பிடுகிறார்கள். பேப்பரில் ரிசல்ட் வந்ததும் உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் எண்களைத் தேடுவீர்கள் அல்லவா? அவை என் கை வழியாக வந்தவை, அப்பா.

உங்கள் மகள்,
ஐவி