வட்டத்தில் இல்லாத பெயர்

அக். 14, 1987. புதன்

விடிந்ததிலிருந்து மழை. கிளினிக் தகரம் இரண்டு இடத்தில் ஒழுகல். பேசின் வைத்தாயிற்று. எஸ்டேட் ஆபீஸ் பெரிய கிராணியிடம் மூன்றாவது தடவை சொல்ல வேண்டும். சொல்லி என்ன, செவிடன் காதில் சங்கு.

இன்று: இருமல் 9. அட்டைக்கடி 4. கொழுந்து வெட்டும் கத்தரியில் விரல் 1. சிக் சீட்டு ஆறு எழுதினேன், அதில் இரண்டு பொய். இந்த மழைக்குப் போகட்டும்.

மத்தியானம் சின்னப்பன் வந்தார். ஃபாக்டரியில் இலை உருட்டும் மிஷின்காரர். காய்ச்சலும் இல்லை, காயமும் இல்லை. சட்டைப் பையில் அதே கடிதம். கிளிநொச்சியிலிருந்து தங்கச்சி ஆகஸ்டில் போட்டது. அவருக்கு எழுத்துத் தெரியாது, படித்துக் காட்டுவது நான். இதோடு ஐந்து தடவை. ‘இந்தியப் பட்டாளம் வந்துவிட்டது அண்ணா, இனிச் சண்டை இல்லை. எல்லாரும் மாலை போட்டோம்.’

மாலை வாங்கிய அதே பட்டாளம்தான் இப்போது சுடுகிறது என்று ரேடியோ. அவர் கடிதத்தை மடித்துக்கொண்டே கேட்டார்.

“சுடச் சொன்னது யாரு மிஸ்ஸி? பட்டாளத்தான் தானா சுட மாட்டான்லா. எவனோ ஒருத்தன் சொல்லியிருக்கணும்ல?”

தெரியாது என்றேன். ஒரு மிலோ கலக்கிக் கொடுத்தேன். இந்த நர்சிடம் வேறு மருந்து கைவசம் இல்லை.

அண்ணன் தங்கை இருவரும் பிறந்தது சிலோன் தேயிலை மலையில். பத்து வயதில் சித்தப்பாவோடு இவர் இங்கே, மலாயாவுக்கு. அவள் அங்கேயே. கலவரத்தில் மலையை விட்டு வடக்கே ஓடினாள். இங்கே வந்து நாற்பது வருஷமாகியும் இவருக்குச் சிவப்பு ஐசிதான், குடிமகன் அல்லாதவர் அட்டை. குடியுரிமை மனு எந்த மேசையில் தூங்குகிறதோ.


அக். 18, ஞாயிறு

தோட்டத்து மன்றத்தில் கூட்டம். இந்தச் சண்டையைப் பற்றி டில்லிக்கு மனு அனுப்பலாமா வேண்டாமா என்று. இரண்டு மணி நேரம். பாதி நேரம் டீயும் ரொட்டியும்.

தலைவர் ராமையா முடியாது என்றார். டில்லி நமக்குத் தாய்வீடு மாதிரி, தாய்வீட்டை ஊர் முன்னால் திட்டுவதா, பெரிய இடத்து முடிவில் ஆயிரம் காரணம் இருக்கும், தோட்டத்துக்காரனுக்கு என்ன தெரியும் என்று நீட்டிக்கொண்டே போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலியே பயிரை மேய்கிறது, இவர் வேலிக்குக் காரணம் தேடுகிறார்.

சின்னப்பன் எழுந்து ஒன்றே ஒன்றுதான் சொன்னார். திட்ட வேண்டாம், கேட்போம். கேட்டால் தாய்வீடு கோபித்துக்கொள்ளுமா? கூட்டம் அவர் பக்கம் சாய்ந்தது. ராமையா முகத்தில் ஈயாடவில்லை.

எழுதும் வேலை என் தலையில். கையெழுத்து அழகாம்.

கையெழுத்துப் போட மட்டும் பழைய வழி. ஸ்ட்ரைக் காலத்தில் செய்தது. மங்குத் தட்டைக் காகிதத்தில் கவிழ்த்து ஒரு வட்டம். உள்ளே வாசகம், வெளியே சுற்றிவரப் பெயர்கள். முதல் பெயர் கிடையாது, கடைசிப் பெயர் கிடையாது. ‘தூண்டிவிட்டவன் எவன்?’ என்று எந்தத் துரையும் கண்டுபிடிக்க முடியாது.


அக். 19, திங்கள்

காலையில் ஆள் எண்ணும் பெரட்டு முடிந்து மன்றத்துக்கு ஆட்கள் வந்தார்கள். முப்பத்தேழு பேர். பாதிக்குமேல் பெருவிரல். ஒவ்வொரு விரல் பக்கத்திலும் பெயரை நான் எழுதினேன், யாருடைய விரல் என்று தெரிய வேண்டுமே. முதலில் வந்தவர் சின்னப்பன். வாசகத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். கேட்டார். வைத்தார்.

நான் எழுதியது இவ்வளவுதான்:

‘சமாதானத்துக்கு என்று நீங்கள் அனுப்பிய பட்டாளம் எங்கள் சொந்தங்களைச் சுடுகிறது. போகச் சொன்னது யார்? சுடச் சொன்னது யார்? செத்தவர்களுக்குப் பதில் சொல்லப்போவது யார்? அரசாங்கம் என்று எழுதாதீர்கள். பெயரை எழுதுங்கள்.’

கடைசி வரியைக் கேட்டு எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமை.

அதேபோல் இன்னொரு பிரதி, அதிலும் எல்லாரும் விரலோ கையெழுத்தோ வைத்தார்கள். ஒன்று டில்லிக்கு, ஒன்று மன்ற போர்டில்.

நான் கையெழுத்துப் போடவில்லை. நான் ஸ்டாஃப். யாரும் கேட்கவும் இல்லை.


அக். 24, சனி

தீபாவளி வந்து போனது. சின்னப்பன் வீட்டில் பலகாரம் இல்லை, விளக்கு மட்டும். கடிதமும் இல்லை. அவர் மனைவி பார்வதி பாயசம் கேட்டு வந்த பிள்ளைகளுக்கு பிஸ்கட் கொடுத்தாள்.

மனு ரிஜிஸ்தர் போஸ்டில் போயிற்று. தானா ராத்தா டவுனுக்குப் போய்ப் போட்டது என் வீட்டுக்காரர்தான், லோரியில் தேயிலைப் பெட்டி இறக்கிவிட்டு. போடும்வரை முணுமுணுப்பு. உனக்கேன் இந்த வம்பு, குவாட்டர்ஸ் போனால் எங்கே போவது, மகள் மாலாவுக்கு அடுத்த மாதம் பெரிய பரீட்சை. நான் கையெழுத்துப் போடவில்லை என்றேன். அப்புறம்தான் சோறு இறங்கியது அவருக்கு.

ராத்திரி ரேடியோவில் டில்லிப் பேச்சு. அமைதி திரும்புகிறதாம். யார் வீட்டுக்கு?


அக். 28, புதன்

காலையில் பசியாறும்போது செய்தி. கோலாலம்பூரில் ஆட்களைப் பிடிக்கிறார்கள். கட்சிக்காரர், வாத்தியார், யார் யாரோ. விசாரணை இல்லாமலே உள்ளே வைக்கலாமாம். சில பத்திரிகையும் வராது என்கிறார்கள். இவர் ரேடியோவை அணைத்தார். அணைத்தால் நடக்காமல் போகுமா?

மன்ற போர்டில் மனு இல்லை! நான்கு ஆணி மட்டும். விசாரித்தால், ராமையா எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனாராம். தலைவர் என்ற முறையில் தானாகவே காட்டிவிட்டால் நல்லது, ஒளித்து வைத்தால்தான் தப்பு என்று போலீஸ் ஆபீசர்களிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். வட்டத்தில் அவர் பெயரும் இல்லை.

மனிதனா அவன். கண்ணில் பட்டால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்பேன்.

(பட்டார். கேட்கவில்லை.)


அக். 30, வெள்ளி

பனி, பத்து மணிவரை எதிர்வீடு தெரியவில்லை. கிளினிக்கில் ஆளே இல்லை. யாருக்கும் நோய் இல்லாத நாள் என்றால் பயந்த நாள்.

டவுனிலிருந்து ஆபீசர் வந்தார். சாதா உடுப்பு, சின்ன வயசு, தமிழ் ஆள். மன்றத்தில் எல்லாரையும் நிற்க வைத்தார். சத்தம் போடவில்லை. எழுதியது யார் என்று மரியாதையாகத்தான் கேட்டார். முப்பத்தேழு பேரும் தரையைப் பார்த்தார்கள். நான் பின்வரிசையில், மருந்துப் பெட்டியோடு.

அவர் காகிதத்தைத் திருப்பினார். நான் எழுதிய டில்லி முகவரி மேலே வருகிற மாதிரி நிமிர்த்திப் பிடித்தார். வட்டத்தின் உச்சியில், நேர் நடுவில், சின்னப்பன். முதலில் வந்தவர் என்று நான்தான் அங்கே வைக்கச் சொன்னேன். பக்கத்தில் என் எழுத்தில் பெயர், மிஷின் ரூம் என்று வேலைகூட. நாற்பது வருஷமாக இந்த வட்டம் யாரையும் காட்டிக்கொடுத்ததில்லை. பிரமாதமாக எழுதிக் கெடுத்தவள் நான்.

ஆபீசர் சின்னப்பனின் சிவப்பு ஐசியைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அப்புறம் கோப்பில் வைத்துக்கொண்டார். புதன்கிழமை மறுபடி வருவாராம். அதற்குள் எழுதியவர் பெயர் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் சின்னப்பன்தான் எழுதச் சொன்னவர் என்று மேலே போகும்.

சிவப்பு அட்டைக்காரரை நாட்டைவிட்டே அனுப்பலாம். எங்கே அனுப்புவார்கள்? பிறந்த இடத்துக்கு. அந்தச் சண்டைக்கு.


நவ. 1, ஞாயிறு

தூக்கமில்லை. கோயிலுக்குப் போனேன். பார்வதி குழாயடியில் நின்றாள். அழுது முடித்த முகம். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

“எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும் மிஸ்ஸி. போர்டுல இருக்கயில சுத்தி வந்து எல்லாப் பேரும் பார்த்தேன். உங்க பேரு எங்கனே?”

ஸ்டாஃப் என்றேன். தலையாட்டினாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஊருக்கு உபதேசம். பெயரை எழுதுங்கள் என்று டில்லிக்கே கட்டளை போட்டேன். வெட்கமாக இருக்கிறது.


நவ. 2, திங்கள்

மாலாவுக்குப் பரீட்சை தொடங்கிற்று. பேனா 2, தண்ணீர், விபூதி. நன்றாக எழுதினாளாம்.

பெரிய கிராணி ஆபீசுக்குக் கூப்பிட்டார். மேசைமேல் நான் எழுதிய சிக் சீட்டு. பக்கத்தில் மனுவின் நகல். கதவைச் சாத்தினார்.

“முத்து முத்தான எழுத்து மிஸ்ஸி. பக்கத்துல வெச்சா சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் பார்க்கல.”

எனக்கு நல்லது செய்கிறாராம். ஆபீசருக்கு வேண்டியது ஒரு பெயர், அது கிடைத்தாகிவிட்டது. சின்னப்பன் படிக்காத ஆள், தெரியாமல் விரல் வைத்தேன் என்று சொன்னால் கொஞ்சம் மிரட்டி விட்டுவிடுவார்கள். நான் சொன்னால் கேட்பார், அதனால் நான் போய்ச் சொல்ல வேண்டும். கூரையைக்கூடச் சரிசெய்து தருகிறேன் என்றார்.

சரி என்றேன். வாயில் வந்துவிட்டது.


நவ. 3, செவ்வாய்

லயத்துக்குப் போனேன். சின்னப்பன் வாசலில் ஷூ கழுவிக்கொண்டிருந்தார். கிராணி சொன்னதைச் சொன்னேன், என் யோசனை மாதிரி. தெரியாமல் வைத்தேன் என்று சொல்லிவிடுங்கள், கார்டு திரும்பி வந்துவிடும்.

அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. பதினாறு வருஷத்தில் இன்றுதான்.

“தெரியாம வெச்சேன்னு சொல்லணுமா? ரெண்டு வாட்டி படிச்சுக் காட்டுனீங்க. கேட்டுட்டுத்தான் வெச்சேன். படிக்காதவன்னா காதும் இல்லையா மிஸ்ஸி?”

பார்வதி உள்ளேயிருந்து வரவில்லை. நான் நின்றேன். கொஞ்சம் தணிந்து, என்னை இதில் இழுக்க மாட்டேன், பயப்பட வேண்டாம், அனுப்பினால் அனுப்பட்டும், தங்கச்சியைத் தேடுகிற செலவு மிச்சம் என்றார். சிரிக்கவும் செய்தார். அந்தச் சிரிப்புக்குப் பதில் என்னை அறைந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். எழுதியது நான் என்று நாளைக்குச் சொல்லப்போகிறேன். கத்துவார் என்று காத்திருந்தேன். லோரி சாவியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். மாலாவிடம் பரீட்சை முடியும்வரை சொல்லாதே என்றார், அவ்வளவுதான்.


நவ. 4, புதன்

மழை இல்லை. தடுப்பூசி நாள். 7 பிள்ளைகள். முடித்துவிட்டு ஒன்பதரைக்கு ஆபீஸ்.

ஆபீசர், பெரிய கிராணி, சின்னப்பன். எனக்கு நாற்காலி போட்டார்கள். சின்னப்பன் நின்றுகொண்டிருந்தார். நானும் நின்றேன். இதை எழுதியது நான் என்றேன். பெரிய கிராணிக்கு இருமல் வந்துவிட்டது.

சொல்லிக்கொடுத்தது யார்? யாருமில்லை. எந்தக் கட்சி? எந்தக் கட்சியும் இல்லை, நான் நர்ஸ். பிறகு கேட்டார், அப்படியானால் உங்கள் பெயர் ஏன் இதில் இல்லை? பயம் என்றேன்.

காகிதத்தை என் பக்கம் தள்ளினார். வட்டத்தைச் சுற்றி இடமில்லை. உள்ளே, வாசகத்துக்குக் கீழே போட்டேன். முழுப்பெயர், ஐசி நம்பர், எஸ்டேட் நர்ஸ். மை இழுத்துவிட்டது. அழகான எழுத்து இல்லை.

ஆபீசர் சிவப்பு ஐசியை மேசைமேல் வைத்தார். சின்னப்பன் உடனே எடுக்கவில்லை. கீழே என்ன எழுதினீர்கள், படியுங்கள் என்று என்னிடம் சொன்னார். படித்தேன். கேட்டார். அப்புறம்தான் எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார், கடிதத்தோடு.

திங்கள்கிழமை நான் டவுனுக்குப் போக வேண்டும். ஆபீசர் மாற்றுத்துணி எடுத்துக்கொள்ளச் சொன்னார். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். தெரியாதாம், உத்தரவு அப்படி.

யார் உத்தரவு என்றேன்.

“மேலிடம்.”

பெயர் கேட்டேன். கோப்பை மூடினார்.