நீ உட்கார்ந்த அட்டை ஸ்டூல்கள்

இன்று முதலாண்டு வகுப்பறைக் கதவைத் திறந்ததும் பசை வாடை அடித்தது. மேசையெல்லாம் வெட்டிய அட்டைத் துணுக்குகள். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் பிள்ளைகள் கேட்டு வாங்கி வந்த பிஸ்கட் பெட்டிகள். நீ இல்லாத இடத்தில் இந்த வாடைக்கு என்ன வேலை என்று முதலில் கோபம்தான் வந்தது.

பொறியியல் என்றால் என்ன என்று மற்றவர்கள் பலகையில் எழுதிப் போடும் முதல் வாரத்தில், நீ அட்டையும் பசையும் கொண்டுவரச் சொல்வாய். "நாலு பேர் சேந்து ஒரு ஸ்டூல் செய்யுங்க. அதுல நான் உக்காருவேன்." உன் உடம்பைப் பார்த்துத் திருதிருவென விழிப்பார்கள். "எனக்கு இருக்கறது ஒரே இடுப்பு. யோசிச்சு செய்யுங்க" என்பாய்.

சொன்னபடி ஒவ்வொன்றிலும் உட்காருவாய். பிடித்துக்கொள்ள, பக்கத்து வகுப்பு எடுக்கும் நான் வந்து பின்னால் நிற்பேன். ஒருமுறை இருவரும் சேர்ந்தே விழுந்தோம். அன்று அரியலூர் பஸ்ஸில் முதுகைத் தேய்த்துக்கொண்டே கேட்டேன்: "செங்கல்ல வச்சுப் பாத்தா போதாதாடி?"

"செங்கல் விழுந்தா சிரிப்பாங்க. நான் விழுந்தா அவங்களுக்குத் தூக்கம் வராது. அந்தத் தூக்கம் கெட்டாத்தான்டி இஞ்சினியர்."

வாய்க்கொழுப்பு உனக்கு.

கோடை விடுமுறையில் காய்ச்சல் என்று திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பவில்லை. உன் வகுப்பை என் தலையில் கட்டினார்கள். உன் வழக்கப்படி நானும் ஸ்டூல் செய்யச் சொல்லிவிட்டேன். எனக்கு மூட்டுவலி; விழப் பயம். யாருக்கும் சொல்லாமல் செங்கல் வாங்கி வைத்திருந்தேன்.

அதை எடுக்கக் குனிந்தபோது, ஆண்டிமடத்திலிருந்து வரும் பெண் ஒருத்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "மேம், இங்க மேமே உக்காந்து பாப்பாங்கன்னு சீனியருங்க சொன்னாங்க. அதான் பயந்துபோயி ஸ்டூல் காலைப் பிரிச்சுப் பிரிச்சு ஒட்டுனோம்."

செங்கல்லைக் கீழே வைத்துவிட்டு அவர்கள் ஸ்டூலில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் தாங்கியது. பிறகு ஒரு கால் மடங்கியது. என் கை பின்னால் போய்த் துழாவியது. அங்கே யாரும் இல்லை. விழுந்தேன். உன்னை அவ்வளவு தேடியதில்லை, நீ போன அன்றுகூட.

ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண்தான் ஓடி வந்து தூக்கிவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. "நாளைக்கு வேற செஞ்சிட்டு வரோம் மேம். திரும்ப உக்காருவீங்களா?"

"உக்காருவேன்" என்றேன்.

இடுப்பு விண்விண்ணென்று தெறிக்கிறது. இனி வருஷா வருஷம் நான்தான் விழ வேண்டும்.