ரத்தத்தில் இல்லாத மாத்திரை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் முழங்கால் வலி தேவலையா? இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை.

நீ சொன்னாய் என்றுதான் என் பெண்ணை, உன் மருமகளை, அந்த ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ஆறு மாதமாக வேலைக்குப் போகாமல் கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பவளுக்கு மனச்சோர்வு என்றார்கள். சரி. மனசுக்கு மருந்து கொடுக்க மூன்று குழாய் ரத்தம் எதற்கு? ரத்தத்தில் உள்ள சில அடையாளங்களை வைத்து, எந்த மாத்திரை யாருக்குக் கேட்கும் என்று முன்கூட்டியே கணிக்கிற ஆராய்ச்சியாம். கைரேகை பார்ப்பவராவது கையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்றேன். டாக்டரம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பே எனக்குப் பிடிக்கவில்லை.

"இந்த மாத்திரை இவங்களுக்கு நல்லா கேக்கும், ஆறு வாரம் விடாம குடுங்க" என்று ஒரு புட்டியைக் கொடுத்தார். தையல் ஆலையில் இருபது வருடமாகச் செக்கிங் மேசையில் நிற்பவள் நான். புதுச் சட்டையைக் கொடுத்தாலும் உள்பக்கம் திருப்பித்தான் பார்ப்பேன். சோதித்துப் பார்க்க என் பெண்தான் கிடைத்தாளா? எங்கள் வரிசையில் பொத்தான் தைப்பவள் இப்படி ஏதோ மாத்திரை தின்று, மெஷின்மேலேயே தூங்கி விழுந்ததை என் கண்ணால் பார்த்தவள் நான்.

ஆனால் உன் மருமகள் ஒரு நாள் தவறவில்லை. காலையில் உள்ளங்கையில் வைப்பேன். விழுங்கிவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து காட்டுவாள். "சரியாயிடும்லம்மா?" என்பாள். ஆறு வாரமாகியும் ஒரு மாற்றமும் இல்லை. இன்னும் மெலிந்துதான் போனாள்.

போன செவ்வாய்க்கிழமை மறுபடி ரத்தம் எடுத்தார்கள். மருந்து உடம்பில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பார்களாம். அதை முன்னாலேயே எனக்கு யாரும் சொல்லவில்லை. நேற்று டாக்டரம்மா அவளிடம், "ரத்தத்துல மாத்திரையே இல்லையேம்மா, சாப்பிடாம ஏமாத்துறியா?" என்று கேட்டார். தினமும் சாப்பிட்டேன் என்று அழுதாள். "அம்மா, நீ சொல்லு" என்றாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

புட்டியில் இருந்தது சத்து மாத்திரை, தம்பி. முதல் நாளே மாற்றியது நான்தான். அதே வெள்ளை, அதே வட்டம், நாலு கடை ஏறி இறங்கி வாங்கினேன். நிஜ மாத்திரை நாற்பத்திரண்டும் நேற்றுவரை பீரோவில் துணிக்கடியில் கிடந்தன.

பஸ்ஸில் வரும்போது அவள் கேட்டாள்: "சாப்பிட்டதா நெனச்சுக்கிட்டு சாப்பிடாமலே இருந்திருப்பேனோம்மா? எனக்குப் புத்தி கலங்கிடுச்சா?"

இன்று காலை நிஜ மாத்திரையைக் கொடுத்தேன். விழுங்கிவிட்டு, ஒரு தாளில் தேதி எழுதி நீட்டினாள். தான் சாப்பிட்டதற்குச் சாட்சியாக நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டேன்.

உன் பேச்சை நம்புவாள். அவளுக்குப் போன் செய். என் பெயரை விட்டுவிட்டுச் சொல்ல வழியுண்டா என்று யோசித்தேன். இல்லை. முழுவதும் சொல்லிவிடு. இனிமேல் என்னை அவள் சந்தேகப்படட்டும், தன்னைச் சந்தேகப்பட வேண்டாம்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா